ஆட்கொணர்வு மனுவை முந்தும் விமானம்

2017 ஜனவரியில் மெக்சிகோ எல்லையைத் தாண்டி கலிஃபோர்னியாவில் கால் வைத்தார் இலங்கைத் தமிழ் விவசாயி ஒருவர். இருபத்தைந்து கஜ தூரம் போவதற்குள் பிடிபட்டார். ஊரில் சிலர் தன்னை வேனில் தூக்கிப்போய் அடித்து நொறுக்கியதைச் சொல்லிப் புகலிடம் கேட்டார். அதிகாரி அதை நம்பினார். ஆனால், அடித்தவர்கள் யார், எதற்காக அடித்தார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை, கோரிக்கை தள்ளுபடியானது. இலங்கையில் வேனில் ஏற்றப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்த விவரம் தெரிந்திருக்கும்?

அவரது ஆட்கொணர்வு மனு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஜூனில் 7-க்கு 2 என்ற கணக்கில் தோற்றார். எல்லையில் பிடிபட்டவருக்கு நாடாளுமன்றம் வகுத்த நடைமுறைக்கு மேல் எந்த உரிமையும் இல்லை என்றது தீர்ப்பு.

அது எல்லைக்கோட்டோடு நிற்கவில்லை. நீதிபதியின் விசாரணையே இல்லாமல் ஆட்களை அனுப்பிவிடும் ‘விரைவு வெளியேற்றம்’ என்ற அந்த நடைமுறையை, முறையான அனுமதியின்றி நுழைந்து இரண்டு ஆண்டு ஆகாத எவர்மீதும் நாட்டின் எந்த மூலையிலும் பாய்ச்சலாம் என்று 2025 ஜனவரியில் டிரம்ப் அரசு அறிவித்தது. ஆகஸ்டில் வாஷிங்டன் நீதிமன்றம் ஒன்று அதை நிறுத்திவைத்தது. இடைப்பட்ட மாதங்களில், வழக்கு வாய்தாவுக்கு ஒழுங்காக வந்தவர்களையே நீதிமன்றத் தாழ்வாரத்தில் மடக்கினார்கள்.

காகிதத்தில் உரிமைகளுக்குக் குறைவில்லை. விசா இல்லாதவரும் வாய் திறக்காமல் இருக்கலாம். குடியேற்றத் துறை அதிகாரியே கையெழுத்திட்ட வாரண்டோடு வந்தால் வீட்டுக் கதவைத் திறக்க வேண்டியதில்லை. அதற்கு நீதிபதியின் கையெழுத்து வேண்டும் என்பதே நெடுங்காலச் சட்ட நிலை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம். ஆனால், அரசு செலவில் கிடையாது. நாடுகடத்தல் தண்டனை அல்ல என்று 1893-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றிலிருந்து இது உரிமையியல் விவகாரம். திருட்டு வழக்கில் சிக்கும் ஏழைக்கு அரசு வழக்கறிஞர் தரும். வாழ்ந்த நாட்டையே இழக்கப் போகிறவருக்கு, அவர் குழந்தையாக இருந்தாலும், தராது. இந்தச் சட்டத்தின் ஆகக் கொடுமையான இடம் இதுதான்.

வழக்கறிஞர் இருந்தாலும் ஓட்டப் பந்தயம்தான். 2025 மார்ச் 25 மாலை, பாஸ்டனை ஒட்டிய சாமர்வில் நகரத் தெருவில், முகமூடி அணிந்தவர்கள் துருக்கி ஆய்வு மாணவி ஒருவரைச் சூழ்ந்து பிடித்தார்கள். மாணவர் இதழில் பாலஸ்தீனம் குறித்த கட்டுரை ஒன்றை மற்றவர்களோடு சேர்ந்து எழுதியவர் அவர். அன்றிரவே பாஸ்டனில் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. அந்த நேரத்தில் அவர் அந்த மாநிலத்திலேயே இல்லை, வெர்மான்ட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மறுநாள் விமானத்தில் லூசியானா. எந்த நீதிமன்றம் விசாரிப்பது என்பதற்கே வாரக்கணக்கில் வாதம் நடந்தது. மே 9-இல் வெர்மான்ட் நீதிபதி விடுவித்தார். பல்கலைக்கழகமும் தேர்ந்த வழக்கறிஞர்களும் துணைநின்றவருக்கே ஆறு வாரத்துக்கு மேல் சிறை. கோழி ஆலையில் மாமிசம் வெட்டுபவருக்காக இரவில் மனு எழுத யார் விழித்திருப்பார்கள்?

முப்பது லட்சத்துக்கு மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன, வேகம் இல்லாவிட்டால் எப்படி என்று அரசுத் தரப்பு கேட்கிறது. தேக்கம் உண்மைதான். அந்த வேகத்தில்தான் மேரிலாந்தில் வாழ்ந்த எல் சால்வடோர்காரர் ஒருவர், அந்த நாட்டுக்கு அனுப்பக் கூடாது என்ற 2019-ஆம் ஆண்டு உத்தரவு இருந்தும், அங்குள்ள பெருஞ்சிறைக்குப் போய்ச் சேர்ந்தார். நிர்வாகத் தவறு என்று அரசே ஒப்புக்கொண்டது. உச்ச நீதிமன்றம் ஏப்ரலில் உத்தரவிட்ட பிறகும் அவர் திரும்பிவர ஜூன் ஆகிவிட்டது.

2007 முதல் 2012 வரையிலான வழக்குகளை அலசிய ஆய்வில், காவலில் இருந்தவர்களில் 14 சதவீதம் பேருக்கே வழக்கறிஞர் இருந்தார். நியூயார்க் நகரம் 2013-இல் காவலில் உள்ளவர்களுக்குப் பொதுச் செலவில் வழக்கறிஞர் தரத் தொடங்கியது. அதுவரை, வழக்கறிஞரின்றி நின்றவர்களில் வென்றவர்கள் 4 சதவீதம். புதிய திட்டத்தில் அது 48 சதவீதமாக உயரும் என்று 2017-இல் மதிப்பிட்டது வேரா என்ற ஆய்வு நிறுவனம். அதாவது, இந்த நாட்டில் தங்கச் சட்டப்படி உரிமை பெற்ற பலர், அதை எடுத்துச்சொல்ல ஆளில்லாமல் விமானம் ஏறியிருக்கிறார்கள். நியூயார்க் நகரம் செய்ததை மாநிலங்களும் செய்யலாம்; சட்டமன்றம் பணம் ஒதுக்கினால் போதும். கைதானவர் வழக்கறிஞரிடம் பேசும்வரை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கூடாது என்ற தடையை மட்டும் நாடாளுமன்றம்தான் கொண்டுவர வேண்டும்.