மேலே மின்சாரம், கீழே மீனவன் கண்ணீர்!

பின்னோக்கி ஓடும் ஆற்றைக் கண்டதுண்டா, தோழர்களே? புராணிகர் புளுகு என்று எண்ணிவிட வேண்டாம். கம்போடியாவிலே இருக்கிறது அப்படி ஓர் ஆறு. தோன்லே சாப் என்று பெயர். கோடையிலே ஏரியிலிருந்து இறங்கிவந்து மீகாங் பேராற்றிலே கலக்கும். மழைக்காலத்திலே மீகாங் பெருக்கெடுத்தாலோ, இறங்கிய ஆறு திரும்பி ஏறும்! 2,500 சதுர கிலோமீட்டர் ஏரி, 15,000 சதுர கிலோமீட்டர் அளவுக்குக் கடல்போல் விரியும். வெள்ளம் காட்டுக்குள் புகும்; அதனோடு மீன்குஞ்சும் புகும்; தின்று கொழுத்துத் திரும்பும். அந்த மீன்தான் கம்போடிய ஏழையின் குழம்பு. அதையே உப்பிட்டு ஊறவைத்து ஆண்டு முழுவதும் சோற்றுக்குத் துணையாக்குகிறான்.

2019-லும் 2020-லும் அந்த வெள்ளம் காலத்தோடு வரவில்லை. வந்ததும் குறைவு, தங்கியதும் குறைவு. வலை நனைந்தது; வயிறு நிறையவில்லை.

ஏன் இந்த நிலை? வானம் பொய்த்தது என்றார்கள் சிலர். அது பொய்யல்ல. பூமி சூடேறுகிறது, பருவமழை தடுமாறுகிறது, 2019-லே மழை பிந்தியது உண்மை. ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதி மலைமேலே இருக்கிறது.

திபெத்தின் பனிமலையிலே பிறந்து, சீனம், பர்மா, லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என ஆறு நாடுகளைத் தொட்டு, 4,000 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து கடலை அடைகிறது மீகாங். கீழ்ப்பகுதியிலே மட்டும் ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்கள். மேல்பகுதியிலோ சீனம் எழுப்பிய பெரும் அணைகள் பத்துக்கும் மேல்! 292 மீட்டர் உயர ஷியாவான் அணை 2010-லே முழுமையாக இயங்கத் தொடங்கிற்று. 5,850 மெகாவாட் நுவோஜாடு 2014-லே முழுமை பெற்றது. 2019 வறட்சியிலே தண்ணீரைத் தடுத்துவைத்தது சீனம் என்று 2020-லே ஓர் ஆய்வு கூறிற்று. இல்லை, எங்களுக்கும் வறட்சிதான் என்று மறுத்தது சீனம். வழக்கு தீரவில்லை. ஆனால் மதகின் சாவி எவன் கையில் இருக்கிறதோ, அவன் சொல்லைத்தான் கீழே இருப்பவன் நம்பியாக வேண்டும் என்ற நிலை இருக்கிறதே, அதுதான் கொடுமை!

சீனம் மட்டுமா? ஆசியாவின் மின்கலம் ஆவேன் என்று புறப்பட்டது லாவோஸ். ஏழை நாடு, வருவாய் வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆனால் யாருக்கு வருவாய்? 1,285 மெகாவாட் சயாபுரி அணை 2019-லே ஓடத் தொடங்கிற்று. அதன் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தாய்லாந்துக்கு! ஆற்றை இழந்தவன் வீட்டிலே அல்ல, எல்லைக்கு அப்பால் இருக்கும் நகரத்திலே எரிகிறது விளக்கு.

2018 ஜூலை 23-ஐ மறக்க முடியுமா? லாவோஸின் அத்தப்பூ மாநிலத்திலே, கட்டி முடியாத நீர்மின் திட்டத்தின் துணை அணை உடைந்தது. எழுபது பேருக்கு மேல் மாண்டும் காணாமலும் போயினர். ஆயிரக்கணக்கானோர் வீடிழந்து முகாம் சேர்ந்தனர். மழையின்மேல் பழிபோட இடமில்லை, தடுத்திருக்கக் கூடிய விபத்து அது என்றது விசாரணை. அடுத்த ஆண்டே அந்தத் திட்டம் மின்சாரம் விற்கத் தொடங்கிற்று. மின்சாரம் கம்பியேறிப் போயிற்று; மக்களோ முகாமிலே கிடந்தனர். அதற்குப் பெயர் வளர்ச்சியாம்!

இனி, கடைமடைக்கு வருவோம். கடைமடை! காவிரிக் கரையிலே பிறந்தவனுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டுமா? வியட்நாமின் மீகாங் படுகை, அந்நாட்டு நெல்லில் பாதிக்கு மேல் விளைவிக்கும் பூமி. கடல்மட்டத்துக்குச் சராசரி ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத தாழ்நிலம். அந்த மண், ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். ஆண்டுக்குப் பதினாறு கோடி டன் வண்டல் வந்தது ஒரு காலம். இன்று அதில் பாதிகூட வருவதில்லை. அணை வண்டலைப் பிடித்துவைக்கிறது. எஞ்சிய மணலைக் கட்டடத்துக்கென்று வாரிக்கொண்டு போகிறார்கள். நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச நிலம் தாழ்கிறது. உலகச் சூட்டால் கடல் உயர்கிறது. கீழே இறங்கும் நிலம், மேலே ஏறும் கடல், நடுவிலே நெற்பயிர்!

2016-லே உப்புநீர் வயலுக்குள் புகுந்தது. 2020 மார்ச்சிலே ஐந்து மாநிலங்கள் நெருக்கடி நிலையை அறிவித்தன. பத்தாண்டிலே பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் படுகையை விட்டு வெளியேறினர். எங்கே போனார்கள்? ஹோ சி மின் நகரத்து ஆலைவாசலுக்கு! நேற்று நாற்றுப் பிடித்த கை இன்று செருப்புத் தைக்கிறது, சட்டை தைக்கிறது. ஆலைத் தொழிலாளத் தோழனே, உன் பக்கத்துத் தறியிலே நிற்பவன் எந்த ஊரிலிருந்து, ஏன் வந்தான் என்று ஒருநாள் கேட்டுப் பார். அவனும் ஓர் ஆற்றின் கதையைச் சொல்லக் கூடும்.

அணையே கூடாது என்போர் அல்லர் நாம். 1934 முதல் மேட்டூர் அணையால் வாழ்கிறவர்கள், அப்படிச் சொல்வோமா? நாம் கேட்பது நீதி. காவிரிக்கு நடுவர் மன்றம் கிடைத்தது, 2007-லே இறுதித் தீர்ப்பு வந்தது, 2018-லே உச்சநீதிமன்றம் பேசிற்று, ஆணையம் அமைந்தது. ஆண்டுதோறும் மன்றாடத்தான் வேண்டியிருக்கிறது. ஆயினும் படியேற ஒரு மன்றம் உண்டு. மீகாங்குக்கு? 1995-லே நான்கு நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. சீனமும் பர்மாவும் அதிலே கையொப்பமிடவில்லை. கலந்து பேசலாம், தடுக்க முடியாது. கம்போடியாவும் வியட்நாமும் வேண்டாம் என்று முறையிட்டும், 2012-லே சயாபுரிக்குக் கால்கோள் விழா நடந்ததே! பல்லில்லாத ஒப்பந்தம் யாரைக் கடிக்கும்?

ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. பெரிய கப்பல் வரவேண்டும் என்று ஆற்றுப் பாறைகளை வெடிவைத்துத் தகர்க்கத் திட்டமிட்டார்கள். மீன் முட்டையிடும் இடம் அது என்று தாய்லாந்தின் சியாங் கோங் கரை மக்கள் எதிர்த்து நின்றனர். ஓராண்டு ஈராண்டு அல்ல, ஏறத்தாழ இருபது ஆண்டு! 2020 பிப்ரவரியிலே தாய்லாந்து அமைச்சரவை திட்டத்தைக் கைவிட்டது. அடுத்த மாதமே, பத்தாண்டுக்குப் பேராற்றின் குறுக்கே அணை கட்டுவதில்லை என்று கம்போடிய அரசு அறிவித்தது.

படகுக்காரனும் வலைக்காரனும் சேர்ந்து நின்றால் பாறையும் பிழைக்கிறது, மீனும் பிழைக்கிறது. மலைமேல் இருப்பவனுக்கு ஆறு ஒரு மின்கணக்கு. கடைமடையில் இருப்பவனுக்கோ அதுவே உலைநீர். உலைநீருக்கு உரியவனைக் கேட்காமல் மதகை மூடும் உரிமை, எந்த நாட்டிலும், எந்த ஆற்றிலும், எவனுக்கும் இல்லை!