"குடும்பத்துக்காக உழைத்தார்" - அவ்வளவுதானா?

ஸ்ரீரங்கத்தில் ஏதாவது ஒரு தெருமுனையில் நின்று கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படித்துப் பாருங்கள். பாசமிகு தந்தை, அன்பான கணவர், பேரன் பேத்திகளின் செல்லத் தாத்தா... எல்லாம் இருக்கும். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் (ஓய்வு)' என்று ஒரு வரி. முப்பத்தைந்து வருட உழைப்புக்கு அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு வார்த்தை!

அம்மா மண்டபத்தில் காரியம் முடிந்ததும் பேச்சும் அதேதான். "தானுண்டு தன் குடும்பமுண்டுன்னு இருந்த மனுஷன். ஒரு வம்புதும்புக்குப் போனதில்லை."

பாராட்டுதான். ஆனால் பொன்மலைக்காரரைப் பற்றி இப்படிச் சொல்வது பாராட்டின் பெயரில் நடக்கும் மறதி.

அந்த 'வம்பு' என்னவென்று பார்ப்போமா? 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் ஐந்து பேர் செத்தார்கள். 1974 மே 8 முதல் 27 வரை ரயில்வே வேலைநிறுத்தம். நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள், வேலை இழந்தார்கள். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லி குடும்பங்கள் மிரட்டப்பட்டன. அன்று போனஸ் கேட்டவர்களுக்கு அடி. 1979ல் அதே ரயில்வேயில் போனஸ் வந்தது. தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்த பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியுமா? 1974ல் இருபத்தைந்து வயதில் இருந்தவர்கள்தான் இன்று போஸ்டரில் சிரிக்கிறார்கள்.

எல்லோரும் கொடி பிடிக்கவில்லை. பயந்து வேலைக்குப் போனவர்களும் உண்டு. அவர்களுக்கும் சொல்ல ஒரு கதை இருந்திருக்கும். கேட்டதுதான் யாருமில்லை. ஊட்டி ரயிலின் நீராவி எஞ்சினைப் பழுதுபார்த்ததும், 2010களில் புதிதாகவே கட்டிக் கொடுத்ததும் பொன்மலைதான். அதன் முன் நின்று செல்ஃபி எடுக்கிற பேரன்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

"செத்தவரைப் பற்றிப் பேசும்போது அரசியல் எதுக்கு?" என்பார்கள். சரி, அவர் கடைசிவரை யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ்ந்தது எதனால்? பென்ஷனால். அது கருணைத் தொகை அல்ல, உரிமை என்று 1982ல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் 2004 ஜனவரி 1க்குப் பிறகு அதே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தவருக்கு அந்தப் பழைய பென்ஷன் கிடையாது. ஓய்வூதியம் சந்தையோடு கட்டப்பட்டது. இருபது வருடம் முட்டி மோதிய பிறகு, 2025 ஏப்ரலில்தான் உத்தரவாதமுள்ள இன்னொரு திட்டம் வந்தது. அதுவும் பழையது அல்ல. ஊழியரின் சம்பளத்திலும் பிடித்தம் உண்டு.

அப்பாவின் பென்ஷனை 'கவர்மென்ட் கொடுத்த புண்ணியம்' என்று நினைக்கிற பிள்ளை, தன்னுடையது பறிபோகும்போது என்னத்தைக் கேட்கும்?

குடும்பப் பாசத்தைக் குறை சொல்லவில்லை ஐயா. அந்தப் பாசத்துக்கு அரிசி வாங்கிக் கொடுத்தது எது என்பதுதான் கேள்வி. வீட்டில் ஒரு பொன்மலைத் தாத்தா இன்னும் இருந்தால் இன்றே கேளுங்கள்: எந்த ஷாப்பில் வேலை? 1974 மே மாதம் எங்கே இருந்தீர்கள்? செல்போனில் பதிவு செய்யுங்கள்.

போஸ்டர் அடிக்கும்போது கேட்டால் பதில் வராது.