பத்துப் பேருக்கு ஒரு தலைவர்

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த குடும்பம் எதற்கும் 'டீன்' என்ற சொல் புதிதன்று. வைத்தியக் கலாசாலைக்கும் அதைச் சேர்ந்த ஆஸ்பத்திரிக்கும் அவரே தலைவர். "டீனிடம் போய்ச் சொல்லட்டுமா?" என்று ஒரு வார்த்தை விட்டால், வார்டில் சாய்ந்து நிற்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். ஆனால் சர்வகலாசாலையின் இஞ்சினீயரிங் கலாசாலைகளிலும் ஒரு டீன் உண்டு என்பதும், அவரால் ஆகக்கூடியது இன்னதென்பதும், பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர்களிற் பலருக்குத் தெரிவதில்லை.

அந்தச் சொல் லத்தீன் பாஷையிலிருந்து பிறந்தது. பத்துப் பேருக்குத் தலைவன் என்று பொருள். ரோமாபுரிச் சேனையில் ஒரே கூடாரத்தில் தங்கிய சிறு கூட்டத்துக்கு அவன் தலைவன். பிறகு கிறிஸ்தவ மடங்களில் பத்துத் துறவிகளுக்கு மூத்தவரானார். அங்கிருந்து சர்வகலாசாலைக்குள் பிரவேசித்தார். தமிழில் இன்று முதன்மையர் என்றும் புலமுதல்வர் என்றும் சொல்கிறோம். ஆயிரம் பேருக்குத் தலைவன் குதிரைமேல் போகலாம். பத்துப் பேருக்குத் தலைவன் அவர்களோடு நடந்தே போக வேண்டும். எவன் காலில் கொப்புளம், எவன் இரவு சாப்பிடவில்லை என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும்.

1794-இல் நில அளவைப் பள்ளிக்கூடமாகத் தோன்றிய கிண்டி இஞ்சினீயரிங் கலாசாலை, 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. அதற்கு முன் அதன் தலைவருக்குப் பிரின்ஸிபால் என்று பெயர், இப்போது டீன். பெயர் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடத்திட்டத்தைக் கல்விக் குழு வகுக்கிறது. பணத்துக்கும் நியமனத்துக்கும் ஆட்சிக் குழு இருக்கிறது. மாணவர் சேர்க்கையோ மதிப்பெண் வரிசைப்படி பொதுக் கலந்தாய்வில் நடக்கிறது. அப்படியானால் டீன் மேலிருந்து வரும் சுற்றறிக்கையைக் கீழே கொடுக்கும் தபால்காரர்தானா என்று நேயர்கள் கேட்கலாம். சிலர் அப்படியே இருந்து ஓய்வு பெறுகிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் தபால் இரண்டு பக்கமும் போகும் அல்லவா?

1940-ஆம் வருஷம் கிண்டியில் நடந்ததைக் கேளுங்கள். அப்போது பிரின்ஸிபாலாக இருந்தவர் கே. சி. சாக்கோ. அக்கலாசாலையில் மின்சாரப் பேராசிரியராயிருந்த பப்பு சுப்பாராவின் புதல்வி லலிதா, பதினெட்டாம் பிராயத்தில் கைக்குழந்தையுடன் விதவையானவர். இஞ்சினீயரிங் படிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அது வரையில் அந்தக் கலாசாலையில் பெண் ஒருத்தியும் படித்ததில்லை. "விதியில் இடமில்லை, அம்மா" என்று சொல்லியிருந்தால் சாக்கோவை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். தம் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளவும் அவருக்கு அதிகாரமில்லை. கல்வி இலாகா டைரக்டர் ஆர். எம். ஸ்டாதமின் அனுமதி தேவைப்பட்டது. விண்ணப்பம் மேலே சென்றது, அனுமதியும் வந்தது.

விஷயம் அதோடு முடிந்துவிடவில்லை. நூற்றுக்கணக்கான ஆண்பிள்ளைகளிடையே ஒரே பெண், விடுதியிலும் தனிமை. ஆகவே ஸ்திரீகளையும் சேர்த்துக் கொள்வதாகக் கலாசாலை விளம்பரம் செய்தது. லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்ற இருவர் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். லலிதா பட்டம் பெற்றபோது, பத்திரத்தில் 'அவன்' என்று அச்சாகியிருந்ததை அடித்து 'அவள்' என்று கையால் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது! லலிதா பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலைகளிற் பங்கு கொண்டார். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமை இஞ்சினீயரானார்.

பழங்கதை இப்போது எதற்கு என்பவர்கள் வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு முறை போய் வரலாம். அருணகிரிநாதர் கோடைநகர் என்று பாடிய தலம் அது. ஏழடி உயர முருகன் அங்கே நின்றருளுகிறான். கோயிலைச் சுற்றிய ஊர்களில், ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த பூமியில், இப்போது ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் மோட்டார்த் தொழிற்சாலைகளும் கைப்பேசித் தொழிற்சாலைகளும் எழும்பியிருக்கின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளருக்காக ஒரு விடுதி திறக்கப்பட்டது. அதில் 18,720 பேர் தங்கலாம். கிண்டியில் ஒரு பெண் நுழைந்த கதைக்கு எண்பத்து நான்கு வருஷத்துக்குப் பிறகு இது!

சந்தோஷமான செய்திதான். ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. அந்த விடுதியிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறும் பெண், யந்திரத்தின் முன் நின்று பாகங்களைப் பூட்டுகிறாள். அந்த யந்திரத்தை அமைக்கும் அறைக்கு அவள் என்றைக்குப் போவாள்? அதற்கான படிப்பு வெகு தூரத்தில் இல்லை. மேற்கே காஞ்சிபுரம் பொன்னேரிக்கரையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. அதற்கும் டீன்தான் தலைவர்.

வேலை நேரம் முடிந்த பெண்களுக்கு மாலை வகுப்பு வேண்டும் என்று அப்படிப்பட்ட ஒரு டீன் நினைத்தால், தாமாக உத்தரவிட முடியாது. மேலே எழுதத்தான் வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுத வேண்டும். தொழிற்சாலை அதிகாரிகளைப் போய்ப் பார்க்க வேண்டும். வகுப்பு விட்டபின் பெண்கள் திரும்பிப் போகப் பஸ் உண்டா என்று விசாரிக்க வேண்டும். முதல் வருஷம் ஒரே ஒருத்தி வந்தால், அவளுக்கு இரண்டு துணை தேட வேண்டும். சாக்கோவின் கலாசாலையில் நடந்ததும் இவ்வளவுதான். இதற்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை. ஆனால் பொறுமையும், கொஞ்சம் முகத்தாட்சணியமின்மையும் அவசியம்.

அடுத்த ஜூன் மாதத்தில் கலாசாலைகளைப் பார்க்கப் புறப்படும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டடத்தையும் சோதனைச் சாலையையும் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே டீனைச் சந்தித்து, சென்ற வருஷம் ஒரு மாணவனுக்காகவோ மாணவிக்காகவோ அவர் மேலே எழுதிய கடிதம் ஏதேனும் உண்டா என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் சற்று யோசித்து, ஒரு பெயரைச் சொல்லி, அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால், தயங்காமல் உங்கள் பெண்ணை அங்கே சேர்க்கலாம்.