உதயகுமாரைக் கொன்றது யார்?

கழக்கூட்டம் மேம்பாலத்தின் கீழே ஒரு தேநீர்க் கடை உண்டு. டெக்னோபார்க்கைச் சுற்றிய கட்டுமான வேலைகளுக்குக் குமரி மாவட்டத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் வருகின்ற தமிழ்த் தொழிலாளர் பலர் காலையில் கூடுமிடம் அதுதான். அண்மையில் அங்கே குண்டர் கும்பல்களின் அட்டகாசம் பற்றிப் பேச்சு எழுந்தது. பத்தாண்டுகளாகத் தொழிற்சங்கத்தில் இருக்கின்ற, நான் மதிக்கின்ற ஒரு தோழர் சொன்னார்: "அமெரிக்காவுல மாதிரி ரெண்டு பேரைச் சுட்டுப் போட்டாத்தான் தோழர், இவனுங்க அடங்குவானுங்க." சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். அன்று நான் சரியாக விடையிறுக்கவில்லை. இக்கட்டுரை அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சி.

அமெரிக்க மாநகரம் என்றவுடன் நம் இயக்கத்தாருக்கு நினைவில் எழுவது சிகாகோ. 1886 மே 3 அன்று மெக்கார்மிக் ஆலை வாயிலில் வேலைநிறுத்தத் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடத்தியது அந்நகரக் காவல்துறைதான். அந்தக் காவல்துறையின் பிற்கால வரலாற்றை நாம் போதிய அளவு படித்ததில்லை. 1972 முதல் 1991 வரை ஜான் பர்ஜ் என்னும் அதிகாரியும் அவர்கீழ் இருந்தோரும் நூற்றுக்கு மேற்பட்டோரை, பெரும்பாலும் கறுப்பின ஆண்களை, மின்னதிர்ச்சி கொடுத்தும் பிளாஸ்டிக் பையால் முகத்தை மூடி மூச்சுத் திணறடித்தும் வாக்குமூலம் வாங்கினார்கள். அவ்வாறு பெற்ற வாக்குமூலங்களால் மரண தண்டனைக் கொட்டடிக்குப் போனவர்களும் உண்டு. அவர்களில் நால்வருக்கு 2003இல் இல்லினாய் ஆளுநர் ஜார்ஜ் ரயன் மன்னிப்பு வழங்கினார்.

இதில் இன்னொரு கேடும் உண்டு. குற்றமற்றவன் சிறைக்குள் இருந்த காலமெல்லாம், உண்மையான கொலைகாரன் வெளியேதான் இருந்தான். சித்திரவதையால் நகரத்திற்குக் கிடைத்த 'பாதுகாப்பு' இதுதான். பர்ஜ் சித்திரவதைக்காகத் தண்டிக்கப்படவே இல்லை. அதற்குரிய காலவரம்பு கடந்துவிட்டது. பொய்ச் சாட்சியம், நீதிக்கு இடையூறு ஆகியவற்றுக்காகவே 2010இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார்.

சிகாகோவை விட்டுத் திருவனந்தபுரத்திற்கு வருவோம். கழக்கூட்டத்திலிருந்து பேருந்தேறினால் சிறிது நேரத்தில் கிழக்கேகோட்டை வந்துவிடும். அங்குள்ள ஃபோர்ட் காவல் நிலையத்திற்கு 2005 செப்டம்பர் 27 அன்று உதயகுமார் என்னும் பழைய இரும்புக் கடைத் தொழிலாளி கொண்டுசெல்லப்பட்டார். ஸ்ரீகண்டேஸ்வரம் பூங்காவில் இன்னொருவரோடு இருந்தபோது பிடித்தார்கள். அவர் கையிலிருந்த நாலாயிரம் ரூபாய்ச் சொச்சம் சந்தேகத்திற்குக் காரணமாயிற்று. ஏழையின் சட்டைப்பையில் பணம் இருந்தால் அது திருட்டுப் பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பது காவல்துறையின் எழுதப்படாத சட்டம்போலும். அன்றிரவே அவர் இறந்தார். இரும்புக் குழாயைத் தொடைகளின்மேல் வைத்து அழுத்தி உருட்டினார்கள் என்பதே வழக்கு.

'உருட்டல்' என்று மலையாளத்தில் இதற்குப் பெயர். தமிழுக்கும் உரிய, குழந்தைகள் விளையாட்டில் வழங்கும் சொல் அது. மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு அதைத் தமிழில் எழுதும்போதெல்லாம் கை தயங்குகிறது.

உதயகுமாருடன் பிடிக்கப்பட்டவரே முதல் விசாரணையில் பிறழ்சாட்சியானார். தாய் பிரபாவதியம்மா உயர்நீதிமன்றம் சென்று போராடிய பின்னர் வழக்கு சிபிஐயிடம் போயிற்று. மரணத்திற்குப் பிறகு பொய்யான திருட்டு வழக்குப் பதிவு செய்து ஆவணங்களைத் திருத்தியதாக மேலதிகாரிகள்மீதும் குற்றம் சாட்டப்பட்டது. 2018 ஜூலையில் சிபிஐ நீதிமன்றம் இரு காவலர்களுக்கு மரண தண்டனை விதித்தது. 2025 ஆகஸ்டில் கேரள உயர்நீதிமன்றம் சிபிஐ விசாரணையின் குறைகளைக் காரணங்காட்டி எல்லோரையும் விடுவித்தது.

மரண தண்டனையை நாம் ஏற்பவர்கள் அல்லர். ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்படாத குற்றத்திற்குக் காவலரையும் தண்டிக்கலாகாது. அந்த நெறி உதயகுமாருக்கு மறுக்கப்பட்டது என்பதற்காக நாம் அதைக் கைவிட முடியாது. ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. காவல் நிலையத்திற்குள் உயிரோடு போன மனிதர் பிணமாக வெளியே வந்தார். இருபதாண்டு கழித்து, கொன்றவர் என்று எவரும் இல்லை.

இதன் காரணத்தை ஒரு விசாரணை அதிகாரியின் திறமைக்குறைவில் மட்டும் தேடினால் நாம் ஏமாந்துபோவோம். உடல், அறை, பதிவேடு, சாட்சிகள் ஆகிய நான்கும் குற்றஞ்சாட்டப்பட்டோரின் கையிலேயே இருந்த முதல் சில நாட்களில் வழக்கின் தலைவிதி எழுதப்பட்டுவிடுகிறது. சாத்தான்குளத்தைப் பாருங்கள். 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் மாண்ட பிறகு விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் நாள்தோறும் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் செய்தது. தலைமைக் காவலர் ரேவதி துணிந்து சாட்சியம் அளித்தார். ஃபோர்ட் நிலையத்தில் அத்தகைய தலையீடு எதுவும் உரிய நேரத்தில் நிகழவில்லை.

இதில் நம் பங்கையும் பேசியாக வேண்டும். உதயகுமார் இறந்தது காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில். 2006இல் இடதுசாரி ஆட்சி வந்தது. அப்போதும் அந்தத் தாய்க்கு உயர்நீதிமன்றப் படியேறுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்னும் பின்னே போனால், 1976இல் கக்கயம் முகாமில் பொறியியல் மாணவர் ராஜன் இதே உருட்டலுக்கு ஆளாகி மடிந்தார். அவர் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. தந்தை ஈச்சர வாரியரின் வழக்கால் கருணாகரன் 1977இல் முதலமைச்சர் பதவியைத் துறக்க நேர்ந்தது என்பதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். ராஜன் பிடிக்கப்பட்டபோது முதலமைச்சராக இருந்தவர் ஒரு கம்யூனிஸ்ட் என்பதை அத்தனை உரக்கச் சொல்வதில்லை. காக்கிச் சட்டைக்குள் இருக்கும் பழைய காலனிய எந்திரம், அமைச்சரின் கொடி நிறம் மாறியதும் தானே மாறிவிடாது.

காவல்துறையே வேண்டாம் என்பதன்று என் வாதம். 2024 ஆகஸ்டில் இதே கழக்கூட்டத்தில் அசாம் தொழிலாளர் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி வீட்டைவிட்டுப் போனாள். சக பயணி ஒருவர் ரயிலில் எடுத்திருந்த படம் துப்புக் கொடுத்தது. மறுநாள் இரவே விசாகப்பட்டினத்தில் மலையாளி சங்கத்தார் ரயிலில் அவளைக் கண்டு மீட்டார்கள். இங்கே காவல்துறைக்குத் துணைநின்றது மக்கள் கொண்ட நம்பிக்கை. லத்திக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. காவல் நிலையத்தைக் கண்டால் விலகி ஓடும் குடியேற்றத் தொழிலாளி, தன் குடியிருப்பில் போதைப்பொருள் விற்பவனைப் பற்றி எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வான்?

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. காவலில் காயமோ மரணமோ நேர்ந்தால் அதற்குக் காவலரே காரணர் என நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டத்தைத் திருத்தச் சொல்லி, சட்ட ஆணையம் 1985இல் 113ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2017இல் 273ஆவது அறிக்கையில் மீண்டும் கூறியது. மோடி அரசு சட்டங்களுக்குச் சமஸ்கிருதப் பெயர் சூட்டி 2024 ஜூலையில் நடைமுறைப்படுத்தியபோது, அந்த ஒரு திருத்தத்திற்கு மட்டும் அதில் இடமில்லை. மாறாக, போலீஸ் காவலின் 15 நாட்களை 40 அல்லது 60 நாட்களுக்குள் துண்டுதுண்டாக எடுத்துக்கொள்ள வழிசெய்துவிட்டார்கள். அனுமான விதி இருந்திருந்தால், உதயகுமார் வழக்கில் விளக்கம் சொல்ல வேண்டிய பொறுப்பு ஒரு தாயின் தோளிலிருந்து நிலையத்தின் தோளுக்கு மாறியிருக்கும்.

சிகாகோ நகராட்சி 2015இல் பாதிக்கப்பட்டோருக்கு 55 லட்சம் டாலர் இழப்பீடு அறிவித்தது. முறைப்படி மன்னிப்புக் கேட்டது. இந்தச் சித்திரவதை வரலாற்றை நகரப் பள்ளிகளில் கற்பிக்கவும் முடிவெடுத்தது. இது தானாகக் கனிந்த கருணையன்று. பாதிக்கப்பட்டோரும் தாய்மார்களும் வழக்கறிஞர்களும் பல பத்தாண்டுகள் தெருவில் நின்று பெற்றது. தேநீர்க் கடைத் தோழர் பார்க்க வேண்டிய அமெரிக்கா அதுதான் என்று அவரிடம் பிறகு சொன்னேன். அவர் உடனே ஒப்பவில்லை. "குண்டனுக்கு என்ன செய்யறது?" என்றார். வழக்கு, சாட்சி, தண்டனை என்றேன். "நடக்குற கதையா?" என்று சிரித்தார். நியாயமான ஐயந்தான்.

கைது செய்வோர் கடைப்பிடிக்க வேண்டிய 11 கட்டளைகளை உச்சநீதிமன்றம் 1996இல் டி.கே. பாசு வழக்கில் வகுத்துள்ளது. அவற்றை எளிய தமிழில் ஒரு தாளில் அடங்குமாறு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தொழிலாளர் தங்கும் அறைகளில் ஒட்டும் பொறுப்பை அதே தோழர்தான் ஏற்றிருக்கிறார். வங்காளிக்கும் அசாமியத்திற்கும் மொழிபெயர்க்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.