ஆறுதலுக்கு அத்தாட்சியா?

பண்பொழியை அடுத்த திருமலைக் குன்றின்மேல் குமாரசுவாமி எழுந்தருளியிருக்கிறான். அக்குன்றின் அடிவாரத்து வயல்களிலும் தென்னந்தோப்புகளிலும் குடியிருக்கும் ஜனங்கள் நாயையும், ஆட்டையும், பசுவையும் வீட்டு மனிதரைப்போலவே பாவித்து வருகின்றனர். புருஷனை இழந்த கிழவி ஒரு வெள்ளாட்டின் துணையோடு காலந் தள்ளுவதும், பிள்ளைகள் தூரதேசம் போய்விட்ட குடியானவர் அந்தியில் தொழுவத்துப் பசுவிடம் தம் குறையைச் சொல்லிக்கொள்வதும் அங்கே எவருக்கும் வியப்பாகத் தோன்றுவதில்லை. அந்த ஆறுதலுக்கு எந்த டாக்டரிடமும் அவர்கள் சீட்டு வாங்கினதில்லை. வாங்கவேண்டும் என்று எவரும் கேட்டதுமில்லை.

ஆனால் அதே ஊர்களிலிருந்து சென்னைக்கும், பெங்களூருக்கும், அமெரிக்காவுக்கும் உத்தியோகத்தின் பொருட்டுச் சென்றிருக்கும் நம் வாலிபர்கள் இன்று வேறொரு நிலைமையில் இருக்கின்றனர். அடுக்கு மாடி வீட்டில் ஒரு நாய்க்குட்டியை வைத்துக்கொள்ள, 'இது எனக்கு மன ஆறுதல் அளிக்கும் பிராணி. என் மனநிலையைப் பரீட்சித்த வைத்தியர் இதை அவசியமென்று கருதுகிறார்' என்று அத்தாட்சி பெறவேண்டுமாமே, அதை எங்கே பெறுவது என்று அவர்கள் விசாரிக்கின்றனர். இந்த வழக்கம் எங்கே பிறந்தது, நமது தேசத்தில் இதற்கு என்ன மதிப்பு, இதன் பின்னால் மறைந்து கிடக்கும் உண்மையான தேவை என்ன என்பவற்றை நேயர்கள் முன் வைப்பது நமது கடமை என்று கருதுகிறோம்.

இது அமெரிக்காவில் பிறந்தது. அங்கே ஊனமுற்றோருக்கு வீடு மறுக்கலாகாது என்று 1988-ல் வீட்டு வசதிச் சட்டம் விரிவாக்கப்பட்டது. மனோவியாதியால் துன்புறுவோருக்கு ஒரு பிராணியின் துணை அவசியம் என்று தகுதியுள்ள வைத்தியர் எழுதிக் கொடுத்தால், பிராணிகள் கூடாதென்னும் வீட்டுக்காரரும் அதை யோசிக்கவேண்டும் என்பது அச்சட்டத்திலிருந்து வளர்ந்த முறை. நோக்கம் நல்லதே. ஆனால் நல்ல சட்டத்தின் நிழலில் கெட்ட வியாபாரம் முளைத்தது. நோயாளியை முகம் பாராமலே, சில கேள்விகளுக்கு விடை எழுதிப் பணம் கட்டியவர்களுக்கெல்லாம் இன்டர்நெட் மூலம் அத்தாட்சிகள் விற்கப்பட்டன. 2018 ஜனவரியில் நெவார்க் விமான நிலையத்திற்கு ஒருவர் மயிலையே மன ஆறுதல் பிராணி என்று கொண்டுவந்தார். விமானக் கம்பெனியார் ஏற்றிக்கொள்ள மறுத்தனர். மயிலேறும் பெருமானுக்கு மலைமேல் கோயில் கட்டி வழிபடும் பண்பொழி மக்கள் இதைக் கேட்டு நகைக்கக்கூடும்.

விளைவு நகைப்பாக இல்லை. 2021 ஜனவரி முதல், இத்தகைய பிராணிகளை விமானத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் கம்பெனிகளுக்கு இல்லை என்று அந்நாட்டுச் சர்க்கார் விதியை மாற்றினார்கள். கலிபோர்னியா மாகாணத்தில் 2022 முதல், நாய்க்காக இந்த அத்தாட்சி அளிக்கும் வைத்தியர் குறைந்தது 30 நாட்களாவது அந்த நோயாளியோடு தொடர்புடையவராக இருந்திருக்கவேண்டும் என்று சட்டம் ஏற்பட்டது. பொய்ச் சீட்டு வாங்கியவர்களால் மெய்யாகவே துன்புற்றவர்களுடைய சலுகை பறிபோயிற்று. அவர்களுடைய வார்த்தைக்கும் மதிப்புக் குறைந்தது. எந்தத் தேசத்திலும் பொய் அத்தாட்சியின் கடைசிப் பலன் இதுதான்.

இனி நமது தேசத்தைப் பார்ப்போம். 'மன ஆறுதல் பிராணி' என்னும் வகை எதுவும் நம் சட்டத்தில் இல்லை. ஆகவே பணங்கொடுத்து வாங்கும் அந்தக் கடுதாசிக்கு இங்கே தனிச் சட்டபலம் கிடையாது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. குடியிருப்போர் சங்கம் எதுவும், பெரும்பான்மை வோட்டினாலும் சரி, தன் விதிகளைத் திருத்தியும் சரி, வளர்ப்புப் பிராணிகளை அடியோடு தடுக்கலாகாது என்று இந்தியப் பிராணி நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டு விதிகள் கூறுகின்றன. தனிப்பட்ட வீட்டுக்காரரோடு செய்துகொண்ட வாடகை ஒப்பந்தம் வேறு விஷயம். அதைக் கையெழுத்திடுமுன் பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டும். ஆயினும், சங்கத்தாருக்குப் பயந்து தமக்கில்லாத நோயை உண்டென்று எழுதி வாங்கவேண்டிய அவசியம் எந்த வாலிபருக்கும் இல்லை. சீமையில் விலைபோகாமல் வரும் சரக்கை நாம் வாங்கிப் பெருமைப்படுவது சுயமரியாதைக்கு அழகன்று.

இவ்வளவோடு நாம் நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையே சொன்னவர்களாவோம். சீட்டுக் கேட்கும் வாலிபர்களில் எல்லோரும் பொய்யர் அல்லர். ஊரையும் உறவையும் விட்டு, இரவு பகலென்று பாராமல் உழைத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டபின் பேச ஒருவருமின்றித் தவிக்கும் பிள்ளைகள் அவர்களில் பலர். நாய்க்குட்டி வேண்டும் என்று அவர்கள் கேட்கும்போது, 'எனக்குத் தூக்கம் இல்லை, மனம் சரியில்லை' என்பதைத்தான் வேறு வார்த்தையில் சொல்லுகிறார்கள். அந்த நிலையில் சீட்டு அற்பமான பொருள். அதற்குமுன் நடக்கவேண்டிய பரீட்சையே விலைமதிக்க முடியாதது. எத்தனை நாளாகத் தூக்கம் கெட்டிருக்கிறது, பசி எப்படி, வேலையில் மனம் செல்லுகிறதா, குடிப்பழக்கம் உண்டா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுகிறதா என்று ஒரு நல்ல வைத்தியர் பொறுமையாகக் கேட்கிறார். தைராய்டு போன்ற சரீரக் கோளாறுதான் காரணமோ என்றும் பார்க்கிறார். மருந்து வேண்டுமா, பேச்சினால் தீருமா என்று நிதானிக்கிறார். நாயின் துணை இதற்கெல்லாம் உதவியாக இருக்கலாம். காலையில் அது எழுப்பும், நடக்கச் செய்யும், ஒழுங்கை உண்டாக்கும். ஆனால் பிராணிகளின் துணையால் மனோவியாதி தீருமா என்பதைப்பற்றி ஆராய்ச்சியாளர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. வைத்தியத்தின் ஸ்தானத்தில் நாயை வைப்பது நோயாளிக்கும் அநீதி, நாய்க்கும் அநீதி. நோய் முற்றியபின் கவனிப்பாரின்றி அது தெருவில் விடப்படும். தகுந்த காரணமின்றிப் பிராணியைக் கைவிடுவது 1960-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றமுமாகும்.

பட்டணத்துப் பிள்ளைக்குச் சீட்டாவது விலைக்குக் கிடைக்கிறது. பண்பொழியிலோ, மேக்கரையிலோ, வடகரையிலோ மனமுடைந்த ஒருவருக்குப் பசு இருக்கிறது, நாய் இருக்கிறது, பரீட்சிக்கும் வைத்தியரிடம் போகும் துணிவுதான் இல்லை. 'பைத்தியம்' என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சி, பெண்ணின் கலியாணம் நின்றுவிடுமோ என்று அஞ்சி, குடும்பத்தார் நோயை மூடி வைக்கின்றனர். நிமான்ஸ் ஸ்தாபனத்தார் 2015-16-ல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 ராஜ்யங்களில் நடத்திய விசாரணையில், வயது வந்தவர்களில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு ஏதாவதொரு மனோவியாதி இருப்பதாகத் தெரியவந்தது. நோய்க்குத் தக்கபடி அவர்களில் 70 முதல் 92 சதவிகிதம் பேர் சிகிச்சை இல்லாமலே இருந்தனர். மூடி வைத்ததன் பலனை 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் கண்டோம். சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த நோயாளிகள் தீயில் அகப்பட்டு 28 பேர் மாண்டனர். அந்தச் சங்கிலியைத் தமிழ்நாடு மறக்கலாகாது.

2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் அச்சங்கிலியை எந்த ரூபத்திலும் விலக்கியிருக்கிறது. சர்க்கார் நடத்தும் அல்லது சர்க்கார் பணம் பெறும் ஸ்தாபனங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்றும், சரீர நோய்க்குச் சமமாக மனோவியாதியையும் நடத்தவேண்டும் என்றும், நோயாளியின் விஷயங்களை இரகசியமாகக் காக்கவேண்டும் என்றும் அது கூறுகிறது. இது தர்மமன்று, பிச்சையன்று, உரிமை. நோயினால் நெடுநாள் செயலற்றுப் போனவர்களுக்கு, 2016-ம் வருஷத்து ஊனமுற்றோர் உரிமைச் சட்டப்படி முறையான பரீட்சைக்குப்பின் அத்தாட்சியும் உண்டு. வாங்கத் தக்க அத்தாட்சி அதுவே. அதை வியாபாரி விற்க முடியாது.

சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. தென்காசி 2019 நவம்பரில் தனி ஜில்லாவாயிற்று. ஜில்லா மனநலத் திட்டம் தேசத்தில் துவங்கியதோ 1996-ல். ஆகவே சர்க்காரை நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: மனநல வைத்தியர் தென்காசியில் மட்டும் உட்கார்ந்திராமல், மலையடிவாரத்து ஜனங்கள் கூலியை இழக்காமல் போய்வரக்கூடிய ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நிச்சயமான கிழமையில் வரட்டும். அந்தக் கிழமையும் நேரமும் பஞ்சாயத்துப் பலகையில் எழுதப்படட்டும். மருந்து தீர்ந்துபோயிற்று என்று சொல்லி நோயாளியைத் திருப்பியனுப்பாமலிருக்கட்டும். பள்ளி ஆசிரியர்களும் கிராம செவிலியர்களும் நோயின் குறிகளை அறிந்திருக்கட்டும்.

ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. குமாரசுவாமிக்கு நேர்ந்துகொள்ளுங்கள், அது உங்கள் நம்பிக்கை. ஜுரம் வந்தால் சுவாமியையும் கும்பிட்டு டாக்டரிடமும் போவதுபோல, மனம் நொந்தாலும் இரண்டையும் செய்யுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகக் கூசுகிறவர்கள், இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசக்கூடிய டெலி-மானஸ் 14416 என்னும் எண்ணிலாவது முதல் வார்த்தையைச் சொல்லட்டும். தூரத்திலிருக்கும் மகன், 'அப்பா, ஒரு நாய் வளர்க்கப் போகிறேன்' என்று எழுதினால், 'வளர்த்துக்கொள், அதற்கு வெறிநாய்க்கடி ஊசி போடு' என்பதோடு நில்லாமல், 'நீ நன்றாகத் தூங்குகிறாயா?' என்றும் தகப்பனார் கேட்கட்டும். சீட்டு விற்பவன் கேட்க மறந்த கேள்வி அதுவே. அதைக் கேட்க டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. பெற்ற மனம் போதும்.