கூரைக்குள் ஓடும் சிவப்புக் குழாய்

மலாக்காவின் செயின்ட் பால் குன்றடியில் மரத்தாலான சுல்தான் அரண்மனை ஒன்று நிற்கிறது. 1986இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அது. 'செஜாரா மெலாயு' என்ற பழைய மலாய் வரலாற்று நூல் விவரிக்கும் சுல்தான் மன்சூர் ஷாவின் அரண்மனையை மாதிரியாகக் கொண்டு கட்டினார்கள். அந்தப் பழைய அரண்மனை தீக்கு இரையானது. உயர்ந்த கூரையும் காய்ந்த மரமும் சேர்ந்த இத்தகைய கட்டடங்களில் தீயை எவ்வளவு சீக்கிரம் அறிய முடியும்?

வழக்கமான புகை உணர்கருவி கூரையில் இருந்தபடியே புகை வரட்டும் என்று காத்திருக்கும். கூரை மிக உயரமானால், சிறு தீயின் புகை ஆறிப்போய்ப் பாதி உயரத்திலேயே பரவி நின்றுவிடும். காற்றை உறிஞ்சும் உணர்கருவி காத்திருப்பதில்லை. சுவரில் ஒரு பெட்டி. அதற்குள் இரவும் பகலும் சுற்றும் சிறு விசிறி. அது துளையிட்ட குழாய்களின் வழியே கட்டடத்தின் காற்றை இழுத்து லேசர் ஒளியில் காட்டும். புகைத்துகள் இருந்தால் ஒளி சிதறும். கண்ணுக்குத் தெரியாத அளவு புகையும் இதில் பிடிபடும். 1970களில் ஆஸ்திரேலியாவில், காட்டுத்தீப் புகையை அளந்த கருவியைத் தொலைபேசி இணைப்பகங்களில் வைத்துப் பார்த்ததில் இருந்து இந்த முறை வளர்ந்தது.

லேசர் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், அதனிடம் காற்றைக் கொண்டு சேர்ப்பது இந்த உறிஞ்சு குழாய்தான். குழாயின் ஒவ்வொரு துளையும் ஒரு தனி உணர்கருவிக்குச் சமம். துளைகள் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் அகலம். பெட்டிக்கு அருகிலுள்ள துளையில் இழுப்பு அதிகம், தொலைவில் குறைவு. அதனால் போகப்போகத் துளையைச் சற்றுப் பெரிதாக்குவார்கள். குழாயின் கடைசி மூடியிலும் ஒரு துளை வைப்பார்கள். கடைசித் துளையில் புகுந்த புகை பெட்டியை எட்ட ஆகும் நேரத்துக்குக் கடப்பு நேரம் என்று பெயர். அது 120 விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. குழாயை எப்படி ஓட்டுவது என்பதை முதலில் கணினியில் கணக்கிட்டுவிட்டுத்தான் வெட்டத் தொடங்க வேண்டும்.

வேலையில் கவனம் தேவைப்படும் இடங்கள் சின்னஞ்சிறியவை. பசையைக் குழாயின் வெளிப்புறத்தில் மட்டும் தடவ வேண்டும். இணைப்பின் உட்புறத்தில் தடவினால், குழாயைச் செருகும்போது பசை உள்ளே தள்ளப்பட்டு மேடாக இறுகி, காற்றை மறிக்கும். துரப்பணத்தை மெதுவாக ஓட்ட வேண்டும். துளை ஓரத்துப் பிசிறையும் உள்ளே விழுந்த சீவலையும் எடுத்துவிட வேண்டும். திருப்பங்களில் சடாரென மடங்கும் முழங்கையைவிட அகன்ற வளைவு நல்லது. பெட்டிக்குள் நுழையும் முனையில் மட்டும் பசையே கூடாது. பழுது பார்க்கக் கழற்ற வேண்டியிருக்கும்.

நம் ஊர் வெக்கையும் ஈரமும் தனிப் பிரச்சினை. தகரக் கூரையடியில் குழாய் சூட்டில் நீளும். பிடிப்புகள் நெருக்கமாக இல்லாவிட்டால் தொய்ந்துவிடும். கூரைக்கடியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிரூட்டிய அறையைக் கடந்தால், குழாய்க்குள் நீர் கோத்துக்கொள்ளும். அங்கே குழாயைச் சரிவாக அமைத்து நீர் வடிய வழி செய்ய வேண்டும். எல்லாம் முடிந்தபின் கடைசித் துளையில் சோதனைப் புகை காட்டிக் கடிகாரம் பார்ப்பதே உண்மையான பரீட்சை.

அதே மலாக்காவின் ஜாலான் துக்காங் எமாஸில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் போன்ற இடத்தில் நிலைமை வேறு. சூடம், சாம்பிராணி, ஹோமப் புகை எல்லாம் கருவிக்குத் தீயாகவே தெரியும். இத்தகைய கோயிலில் கருவறைப் பக்கத்தை விட்டுவிட்டு, பொருள் வைப்பறை, மின்பலகை அறை ஆகியவற்றுக்கு மட்டும் குழாய் ஓட்டுவது பொருத்தம்.

பாரிஸின் நோத்ருதாம் தேவாலயத்தில் இவ்வகைக் கருவி இருந்தது. 2019 ஏப்ரல் 15 மாலை தீப்பிடித்தபோது அது எச்சரிக்கவும் செய்தது. ஆனால் காவலர் முதலில் வேறொரு கூரைப் பகுதிக்குப் போனார். சுமார் அரைமணி நேரம் வீணானது. ஆகவே எந்தக் குழாய் எந்த அறையுடையது, இரவில் யார் போய்ப் பார்ப்பது என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

தோட்டத்து மண்டபத்துக்கும் சிறு கோயிலுக்கும் சாதாரண உணர்கருவியே போதும் என்பது என் எண்ணம். உயர்ந்த கூரைக்கும் ஈடு செய்ய முடியாத பொருள்களுக்கும் இந்தச் செலவு தகும். நிர்வாகக் குழு இதை வாங்கினால், வடிகட்டி மாற்றுவதையும் குழாயை ஊதிச் சுத்தம் செய்வதையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்ளட்டும். ஊதும்போது குழாயைப் பெட்டியிலிருந்து பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை தூசியும் லேசர் அறைக்குள் போய்விடும்.