பழத்திலிருந்து பந்தல் வரை

கொடித்தோடைப் பந்தல் நம்மவர் வீடுகளுக்குப் புதியதன்று. ஆயினும் அதனை வளர்ப்போர் பலர் கூறும் குறை ஒன்றுண்டு. கொடி செழித்துப் படர்கின்றது. பந்தல் நிறையப் பூக்கின்றது. காயோ ஒன்றிரண்டுதானும் நிற்பதில்லை. எருவைக் கூட்டிப் பார்க்கின்றனர். நீரைக் கூட்டிப் பார்க்கின்றனர். கண்ணூறு பட்டதென்று புள்ளியிட்ட கரிச்சட்டியைக் கட்டித் தொங்கவிடுவாருமுளர். அது துணையின்றித் தனித்து நிற்பதே பெரும்பாலும் காரணமாகும்.

மஞ்சட் பழந் தரும் கொடித்தோடை தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் காய்ப்பதில்லை. வேறொரு கொடியின் மகரந்தம் வந்து சேரல் வேண்டும். அயல் வீட்டிலிருந்து ஒரு தண்டை வெட்டி வந்து நட்டு, அது வளர்ந்தபின் அதிலிருந்தே மேலும் நான்கு தண்டுகளை வெட்டி ஊன்றினாலும் பயனில்லை. ஐந்தும் ஒரே செடியின் துண்டுகளன்றோ! வித்திலிருந்து எழும் கன்றுகளோ ஒவ்வொன்றும் தனிப்பிறவி. பழத்தை உண்டபின் நாம் வீசிவிடும் விதைகளைப் பற்றி இவ்வாரம் எழுத முற்பட்டது இதனாலேயே. மலைநாட்டின் குளிர்ந்த இடங்களில் விளையும் ஊதா நிறப் பழத்துக்கு இக்குறை பெரிதாக இல்லை. அது தன் மகரந்தத்தாலேயே காய்க்க வல்லது.

இச்செடியின் தாயகம் தென்னமெரிக்கா. ஆங்கிலப் பெயரிலுள்ள ‘பாஷன்’ என்னுஞ் சொல்லுக்கு மாணவர் சிலர் ஆசை என்று பொருள் கொள்வர். அது கிறிஸ்துவின் பாடுகளைக் குறிப்பதாகும். அங்கு சென்ற ஸ்பானியக் குருமார் பூவின் மூன்று குறிகளில் மூன்று ஆணிகளையும், ஐந்து மகரந்தக்கூடுகளில் ஐந்து காயங்களையும், இழை வட்டத்தில் முள்முடியையும் கண்டனர். 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் ‘பாசிபுளோரா’ என்று பெயர் வகுத்தபோதும் அப்பொருளே நிலைத்தது.

விதைக்கெனக் கொடியிலிருந்து பழத்தைப் பறித்தல் ஆகாது. தானே விழுந்து, தோல் சற்றுச் சுருங்கிய பழமே நன்று. நோயற்ற, நன்கு காய்க்கும் கொடியின் பழத்தைத் தேர்ந்து கொள்க. இரண்டு மூன்று வீடுகளிலிருந்து ஒவ்வொரு பழமாகப் பெறுதல் மிக மேலானது. ஒரு பழத்தினுள் 250 விதைகள் வரை இருத்தல் கூடுமாயினும், அவை யாவும் உடன்பிறந்தவை. உடன்பிறந்தவற்றுட் சில ஒன்றோடொன்று ஒவ்வாதிருத்தலும் உண்டு.

பழத்தை வெட்டி, விதைகளைச் சாற்றுடன் ஒரு கோப்பையில் இட்டு, மெல்லிய துணியால் மூடி, நிழலில் இரண்டு மூன்று நாட்கள் வைக்கவேண்டும். சாறு நுரைத்துப் புளிக்கும். மணம் பிடிக்காதோர் சமையலறைக்கு வெளியே வைப்பாராக. விதையைச் சூழ்ந்துள்ள வழுவழுப்பான பை இப்புளிப்பினாற் கரைந்து கழலும். பின்னர்த் தேநீர் வடியிலிட்டு, சிறிது மணலும் சேர்த்து விரல்களால் தேய்த்துக் கழுவினால், கறுத்த விதைகள் தூய்மையாய் வந்துவிடும். அவசரப்பட்டுக் கொதிநீரை ஊற்றுவோர் விதையை அவித்தவராவர்.

கழுவிய விதைகளைக் கடதாசியிற் பரப்பி நிழலில் ஒருநாள் உலர்த்திய பின் காலந்தாழ்த்தாது விதைத்துவிடுக. புதிய விதை இரண்டு தொடக்கம் நான்கு கிழமைகளில் முளைக்கும். மாதக்கணக்கில் அடைத்து வைத்த விதை தாமதித்து, குறைவாகவே முளைக்கும். மணலும் மட்கிய எருவும் கலந்த மண்ணைச் சாடியிலோ, அடியில் துளையிட்ட சிரட்டையிலோ நிரப்பி, ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றுக. மண் ஈரமாயிருத்தல் வேண்டும், சேறாகலாகாது. நீர் தேங்கினால் இளங்கன்று அடித்தண்டு அழுகிச் சாயும். யாழ்ப்பாணப் பகுதியினர் ஆடி, ஆவணியில் நிழலில் விதைத்து, ஓரடி வளர்ந்த கன்றை ஐப்பசி மழையோடு பந்தலடியில் நடுவராயின், முதல் மாதங்களிற் கிணற்று நீர் இறைக்கும் வேலை பெரிதும் குறையும்.

முதல் இலைகளைக் கண்டு சிலர் ஐயுறுவர். வளர்ந்த கொடியின் இலை மூன்று பிரிவாய்ப் பிளந்திருக்க, இளங்கன்றின் இலை பிளவின்றி இருக்கும். வேறு செடியென்று பிடுங்கி எறியற்க.

நன்றாய்ப் பேணினால் ஓராண்டளவிற் பூக்கும். மஞ்சள் இனத்தின் பூ நண்பகலளவில் விரிந்து அன்றிரவே மூடிவிடும், மறுநாள் அதற்கில்லை. அதன் மகரந்தம் கனமும் பசையும் உடையதாகையாற் காற்று அதனைக் கொண்டு செல்லாது. சிறு தேனீக்கள் கூடுகளின் கீழே நுழைந்து தேனுண்டு போய்விடும். முதுகு உரச மகரந்தத்தை ஏந்திச் செல்வது, கூரைமரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டே. கைமரத்தைக் கெடுக்கிறதென்று அதனை நாம் அடித்துக் கொல்கிறோம். பந்தலருகே உலர்ந்த மென்மரக் கட்டையொன்றைக் கட்டிவிட்டால் அது அங்கே குடிபுகவுங் கூடும். வீட்டு மரமும் தப்பும்.

வண்டு வாராத வீடுகளில் பிள்ளைகள் அப்பணியைச் செய்யலாம். பிற்பகலில் ஒரு கொடியின் மகரந்தத்தைச் சிறு தூரிகையில் எடுத்து, மற்றைக் கொடியின் பூவிலுள்ள மூன்று குறிகளிலும் தடவுக. குறிகள் கீழ்நோக்கி வளைந்திருக்கும் வேளையே ஏற்றது. தடவிய பூவின் காம்பில் நூல் கட்டி நாளைக் குறித்து வைப்பின், 70 தொடக்கம் 80 நாட்களிற் பழம் விழக் காணலாம். அந்நாட்கள் நெருங்கும்போது பந்தலின் கீழ் வைக்கோல் பரப்பி, காலையிலும் மாலையிலும் பொறுக்கிக் கொள்க. வெயிலில் நிலத்திற் கிடந்த பழம் விரைவிற் கெட்டுவிடும்.